மறந்துவிடுபவனிடம் பேசப்படும் உண்மைகள்: 'மெமெண்டோ' சிறப்புப் பதிப்பு டிவிடி

இந்த டிவிடியின் உறையைத் திறப்பவர் படம் பார்க்க உட்காரும் ரசிகராக அல்ல, நோயாளி ஒருவரின் கோப்பைப் புரட்டும் மருத்துவமனை ஊழியராகத்தான் தம்மை உணர்வார். 'மெமெண்டோ' படத்துக்கு 2002-ல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த இரண்டு வட்டுச் சிறப்புப் பதிப்பு, மனநல மருத்துவமனையில் பராமரிக்கப்படும் கோப்பின் வடிவத்திலேயே செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே மருத்துவர்கள் எழுதியதைப் போன்ற குறிப்புகளும், அவற்றுக்கிடையே கதாநாயகன் லெனர்ட் ஷெல்பி தன் கையால் கிறுக்கி வைத்ததைப் போன்ற வரிகளும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் இதை எனக்குக் கொடுத்தபோது அழகான அட்டை வேலை என்று மட்டுமே நினைத்தேன். படத்தைப் பலமுறை பார்த்த பிறகுதான், இந்த உறை படத்தின் மிகப் பெரிய கேள்வி ஒன்றில் ஓசையில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உறைத்தது. லெனர்ட் எப்போதாவது மனநல மருத்துவமனையில் இருந்தானா என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஆனால் உறை அவன் பெயரில் ஒரு கோப்பையே திறந்துவிட்டது.

படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். கிறிஸ்டோபர் நோலன் எழுதி இயக்கிய இப்படம் 2000-ம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2001 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அவருடைய தம்பி ஜொனாதன் நோலனின் சிறுகதையே இதற்கு விதை. அந்தக் கதை 'எஸ்குவயர்' இதழில் அச்சேறியதும் 2001-ல்தான். 25 நாட்களில், ஏறத்தாழ 90 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், மூலத் திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. மனைவி தாக்கப்பட்ட இரவில் தலையில் அடிபட்டு, புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஆற்றலை இழந்துவிட்ட லெனர்ட், போலராய்டு புகைப்படங்களையும், கைக்குறிப்புகளையும், உடம்பில் பச்சை குத்திய 'உண்மை'களையும் துணையாகக் கொண்டு, 'ஜான் ஜி.' என்ற பெயருடைய கொலையாளியைத் தேடுகிறான். வண்ணக் காட்சிகள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நகர்கின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி நகர்கின்றன. இரண்டும் ஒரு பாழடைந்த கட்டடத்தில், ஒரு புகைப்படத்தில் மெல்ல உருவம் தெளியும் கணத்தில், ஒன்றோடொன்று கலக்கின்றன. இதற்கு மேல் படிப்பவர்கள் படத்தைப் பார்த்தவர்களாக இருப்பது நல்லது. முடிவைச் சொல்லாமல் இந்தப் பதிப்பின் மதிப்பைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நம்மில் பலர் இந்தப் படத்துக்குக் 'கஜினி' வழியாகத்தான் வந்து சேர்ந்தோம். 2005-ல் ஏ.ஆர். முருகதாஸின் படம் வந்த பிறகு, சாவியை வைத்த இடம் மறந்தவனுக்கெல்லாம் தமிழ்நாட்டில் 'கஜினி' என்ற பெயர் கிடைத்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த கண்ணோடு 'மெமெண்டோ'வைப் பார்ப்பவர் தவறான இடத்தில் நம்பிக்கை வைக்க நேரும். சஞ்சய் ராமசாமியின் நாட்குறிப்பை இன்னொருவர் எடுத்துப் படிக்கிறார்; கல்பனா எப்படிப்பட்டவள், அவளை யார் கொன்றார்கள் என்பதெல்லாம் நம் கண் முன்னால் ஐயத்துக்கு இடமில்லாமல் விரிகின்றன. அங்கே மறதி என்பது பழிவாங்கலுக்குக் குறுக்கே நிற்கும் தடை மட்டுமே. பழிக்கான காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. லெனர்டின் குறிப்புகளையோ லெனர்டைத் தவிர வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் படத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்தின் நோக்கத்தையும் பார்வையாளர் தாமே எடைபோட வேண்டியிருக்கிறது.

அப்படி எடைபோட முயன்றவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி, யார் பொய் சொல்கிறார் என்பது. லெனர்டின் நண்பனாக ஒட்டிக்கொண்டு வரும் டெடி பொய்யனா, அவனுக்கு உதவுவதாகச் சொல்லும் நட்டலி பொய்க்காரியா, தன்னைப் போலவே நினைவிழந்தவன் என்று அவன் சொல்லித் திரியும் ஸேமி ஜான்கிஸ் என்று ஒருவன் உண்மையிலேயே இருந்தானா என்று பட்டியல் போட்டு விவாதிக்கிறார்கள். இந்தக் கேள்வி சற்றே தவறான திசையில் நிற்கிறது என்பது என் எண்ணம். யார் பேசுகிறார் என்பதைவிட, பேசப்படும் சொல் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதைப் பார்த்தால் நோக்கங்கள் தெளிவாகின்றன. காற்றோடு போய்விடும் என்ற துணிவில் லெனர்டிடம் சொல்லப்படுபவை இந்தப் படத்தில் பெரும்பாலும் உண்மையாக இருக்கின்றன. அவன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் பொய்யாக இருக்கின்றன. மறந்துவிடுபவனிடம் உண்மை பேசுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அவனிடம் பொய் சொல்ல வேண்டுமானால், அந்தப் பொய்யை அவன் கையெழுத்தில் ஏற்றினால்தான் பலன் உண்டு.

இதன் மிக எளிய வடிவத்தை விடுதிக் காப்பாளன் பர்ட் நமக்குக் காட்டிவிடுகிறான். லெனர்டுக்கு ஒரே சமயத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருப்பதை, தொழில் மந்தமாக இருந்ததால் முதலாளி சொல்லிச் செய்ததை, அவன் லெனர்டின் முகத்துக்கு நேரேயே ஒப்புக்கொள்கிறான். எப்படியும் மறந்துவிடுவாய் என்பதால் சொல்கிறேன் என்ற பாவனையில் அவன் அதைச் சொல்லும்போது திரையரங்கு சிரிக்கும். மார்க் பூன் ஜூனியர் அந்தச் சிறு வேடத்தை வில்லத்தனம் சிறிதும் கலக்காமல், கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் சோம்பலுமாகச் செய்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்குள்தான் படம் தன் விதியை நமக்குக் கற்றுத் தந்துவிடுகிறது.

நட்டலியிடம் வரும்போது அதே விதி கத்தியாக மாறுகிறது. அவள் வீட்டில் நடக்கும் அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. முதலில் அவள் வீட்டிலிருக்கும் பேனாக்களையெல்லாம் சேகரித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள். முதல் பார்வையில் அது பதற்றத்தில் இருக்கும் பெண்ணின் கைச்சேட்டையாகவே தோன்றும். அதன் பிறகுதான் வாய் திறக்கிறாள்: உன்னை நான் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன், நீ அதை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை, நாளை நாம் நல்ல நண்பர்களாகவே இருப்போம் என்கிறாள், அவன் மனைவியைப் பற்றி, கேட்கக் கூசும் சொற்களைக் கூறி, அவன் கை ஓங்கும்வரை விடாமல் சீண்டுகிறாள். அடிவாங்கியதும் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து காத்திருக்கிறாள். உள்ளே லெனர்ட், நடந்ததை எழுதி வைக்க ஒரு பேனாவைத் தேடி இழுப்பறைகளைக் கலைத்துக்கொண்டிருக்கிறான். மறந்துவிடக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுகிறான். கார்க் கதவு அறையப்படும் ஓசை கேட்கிறது. அவன் கவனம் சிதறுகிறது. அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது. உதடு கிழிந்து உள்ளே வரும் நட்டலி, டாட் என்பவன் தன்னை அடித்துவிட்டதாக அழுகிறாள். இப்போது மட்டும் எழுதிக்கொள்ள வசதி இருக்கிறது. டாட்டின் அடையாளங்கள் தாளில் ஏறுகின்றன.

ஒரே அறையில், ஒரே பெண், சில நிமிட இடைவெளியில் உண்மையையும் பொய்யையும் பேசுகிறாள். இரண்டையும் பிரிப்பது ஒரு பேனா. கேரி-ஆன் மாஸின் நடிப்பில் நான் வியப்பது அந்த வெறுப்பின் உச்சத்தை அல்ல, காரில் அவர் உட்கார்ந்திருக்கும் சில நொடிகளை. அந்த முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. பால் பொங்குவதற்காக அடுப்படியில் நிற்பவரின் பொறுமைதான் இருக்கிறது.

அதற்காக நட்டலியைத் தீயவள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. படம் பின்னோக்கிச் செல்வதால் அவளைப் பற்றிய நம் தீர்ப்பு மூன்று முறையாவது மாறுகிறது. முதலில் நாம் சந்திக்கும் நட்டலி, வாகனப் பதிவு எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உன் மனைவியை நினைத்துப் பார் என்று ஆதரவாகப் பேசுபவள். பிறகு மேலே சொன்ன காட்சி வந்து அவள்மீது வெறுப்பை ஏற்றுகிறது. அதற்கும் பிறகு, அதாவது காலக்கிரமத்தில் அதற்கும் முன்பு, அவள் காதலன் ஜிம்மியின் காரில், ஜிம்மியின் கோட்டை அணிந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவன் அவள் வேலை பார்க்கும் மதுக்கூடத்துக்குள் நுழைகிறான். ஜிம்மி திரும்பி வரவில்லை, இவன் வந்திருக்கிறான். அவன் உண்மையிலேயே மறப்பவன்தானா என்று சோதிக்க, அவன் கண் முன்னாலேயே எச்சில் துப்பப்பட்ட பீர்க் குவளையை அவனுக்கே குடிக்கக் கொடுக்கிறாள். இந்த வரிசையை நேராக்கிப் பார்த்தால், காதலனைக் கொன்றவனாக இருக்கக்கூடிய ஒருவனைத் தன் வீட்டுக்குள் அழைத்துச் சென்று, அவனையே ஆயுதமாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் பெண்ணின் கதை அது. ஜிம்மி பெரும் பணத்தோடு டெடியைச் சந்திக்கப் போனான் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியிருக்க, ஜிம்மி பெரிய பேரங்களை நடத்திய அதே பாழ்க்கட்டடத்தின் முகவரியை லெனர்டின் கையில் அவள் கொடுத்தது வெறும் உதவி மனப்பான்மையால் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவள் படத்தின் பின்புறம் லெனர்ட் எழுதி வைத்திருப்பது இதுதான்: அவளும் ஒருவரை இழந்திருக்கிறாள், இரக்கத்தால் உனக்கு உதவுவாள். இதில் முதல் பாதி உண்மை. அந்த இழப்புக்குக் காரணமானவன் அதை எழுதியவனே என்பதுதான் அந்தக் குறிப்பில் இல்லை.

டெடிக்கு வருவோம். ஜோ பான்டோலியானோ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்து நிற்கும்போது, அவன் படத்தின் பின்புறம் உள்ள 'அவன் பொய்களை நம்பாதே' என்ற எச்சரிக்கையை நாம் ஏற்கெனவே படித்துவிட்டிருக்கிறோம். ஒரு மனிதனை முதன்முதலில் பார்க்கும்போதே அவனைப் பற்றிய தீர்ப்பைக் கையில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு அவன் கண்ணீர் விட்டாலும் அது நடிப்பாகத்தான் தெரியும். நட்டலியை நம்பாதே என்று லெனர்டை எழுத வைக்க டெடி முயல்வதும், லெனர்ட் அதை எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிடுவதும் நினைவிருக்கலாம். அதுவும் எழுத்தைக் குறிவைத்த பேச்சே. ஆனால் அந்தப் பேச்சில் உண்மை இருந்தது. என் விதிக்கு விலக்கான இடம் இதுவென்று நானே ஒப்புக்கொள்கிறேன். டெடி தன் நலத்துக்காகச் சொன்ன எச்சரிக்கை, தற்செயலாக லெனர்டுக்கும் நலம் தரக்கூடியதாக இருந்தது. அது நிலைக்காமல் போனதற்குக் காரணம், டெடியின் படத்தின் பின்புறம் இருந்த இன்னொரு வரி.

டெடி ஒரு காவலன் என்பதும், ஜிம்மியின் காரின் பின்பெட்டியில் இரண்டு லட்சம் டாலர் இருக்கிறது என்பதும், அந்தப் பணத்துக்காகவே ஜிம்மியை 'ஜான் ஜி.' ஆக்கி லெனர்டின் கைக்கு அனுப்பினான் என்பதும் இறுதியில் வெளிவருகின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் விடுதி அறையில் ஒலித்துக்கொண்டிருந்த தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவனும் டெடியே என்று கொண்டால், கொலையாளி ஒரு போதைப்பொருள் வியாபாரி என்ற செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே லெனர்ட் அதைத் தன் தொடையில் பச்சை குத்திக்கொள்கிறான். தோலில் ஏறுவதற்கென்றே சொல்லப்பட்ட பொய் அது.

பாழ்க்கட்டடத்தில் அடிவாங்கித் தரையில் கிடக்கும்போது டெடி சொல்வது வேறு வகைப் பேச்சு. உண்மையான ஜான் ஜி.யை ஓராண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம், நீதான் அவனைக் கொன்றாய், அந்த மகிழ்ச்சியில் நெஞ்சைச் சுட்டிக்காட்டியபடி நீ நின்றதை நான்தான் படமெடுத்தேன் என்கிறான். காவல்துறைக் கோப்பிலிருந்து காணாமல் போன பக்கங்களை நீயே எடுத்துவிட்டாய், விடை கிடைக்காத புதிர் ஒன்று உனக்குத் தேவைப்பட்டது என்கிறான். உன் மனைவி அந்தத் தாக்குதலில் சாகவில்லை, சர்க்கரை நோய் அவளுக்குத்தான் இருந்தது, மறதியால் மனைவிக்குத் திரும்பத் திரும்ப இன்சுலின் ஊசி போட்டு அவளைச் சாகடித்த ஸேமியின் கதையாக நீ சொல்லித் திரிவது உன் கதை என்கிறான். இதெல்லாம் பொய்யென்று வாதிடுவோர், சாவுக்கு அஞ்சியவன் எதையும் சொல்வான் என்கிறார்கள். அஞ்சியவன் எதிராளிக்கு இதமானதைச் சொல்வானே தவிர, அவன் வாழ்வின் ஒரே பிடிமானத்தை ஏன் உடைக்கிறான்? பணம் கையருகில் இருக்கிறது, பத்து நிமிடம் எதையாவது பேசிச் சமாளித்தால் லெனர்ட் மறந்துவிடுவான், பணத்தோடு போய்விடலாம். டெடி பேசுவது, நீண்ட நாள் ஒரே வேலையைச் செய்து சலித்துப்போனவன், இந்த ஆளுக்கு எது சொன்னாலும் ஒன்றுதான் என்ற எரிச்சலில் கொட்டிவிடும் பேச்சு. பர்ட்டின் ஒப்புதலும் நட்டலியின் ஒப்புதலும் எந்த நிலைமையில் வந்தனவோ, அதே நிலைமையில்தான் இதுவும் வருகிறது. முன்னிரண்டும் உண்மையாக இருக்க, மூன்றாவதை மட்டும் பொய்யென்று ஒதுக்குவதற்குப் படத்துக்குள் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: லெனர்டின் கையெழுத்து.

ஸேமி ஜான்கிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். (தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் 'சேமி' என்று காதில் விழுவது தற்செயல்தான், சேமிக்க முடியாதவனுக்கு வாய்த்த பெயர்.) காப்பீட்டு நிறுவன ஆய்வாளராக இருந்த லெனர்ட், நினைவிழந்த ஸேமியின் இழப்பீட்டுக் கோரிக்கையை ஆராய்கிறான். மின்சாரம் பாயும் பொருள்களைத் திரும்பத் திரும்ப எடுக்க வைக்கும் சோதனையில் ஸேமி எத்தனை முறை அதிர்ச்சி வாங்கியும் கற்றுக்கொள்வதில்லை. மூளைச் சேதம்தான் காரணம் என்றால் உடல் பழக்கத்தால் கற்றிருக்கும், ஆகவே இது மனத்தின் கோளாறு, காப்பீட்டில் சேராது என்று லெனர்ட் முடிவெடுக்கிறான். இந்தத் தர்க்கம் திரைக்கதைக்காகக் கற்பித்ததல்ல. 1911-ல் ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் எத்வார் கிளபாரேத், நினைவிழந்த பெண் நோயாளி ஒருவரோடு கைகுலுக்கும்போது விரல்களுக்கிடையே ஊசியை ஒளித்துக் குத்தியதைப் பதிவு செய்தார். பின்னர் அவர் கை நீட்டியபோது, காரணம் சொல்லத் தெரியாமலேயே அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். 1953-ல் வலிப்பு நோய்க்காகச் செய்த மூளை அறுவையால் புதிய நினைவுகளை உருவாக்கும் ஆற்றலை இழந்த ஹென்றி மொலேசன், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். ஆனால் முந்தைய நாள் பயிற்சி செய்தது அவர் நினைவில் இல்லை. அவரை நெடுங்காலம் ஆராய்ந்த பிரெண்டா மில்னரின் இந்தக் கண்டுபிடிப்பு, நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்பதை நிறுவியது.

ஆக, நிகழ்ச்சி மறந்தாலும் பழக்கம் தங்கும். லெனர்டும் இதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்: ஸேமிக்கு ஒழுங்கு இல்லை, எனக்கு இருக்கிறது, பழக்கத்தால் வாழ்கிறேன் என்று. ஆனால் பழக்கத்தால் படிய வைக்க முடியுமென்றால், பொய்யையும் படிய வைக்கலாமே. ஸேமியின் கதையை அவன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறான். கையில் அந்தப் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். சொல்லச் சொல்ல அது மெருகேறுகிறது. விபத்துக்குப் பின் நடந்த மனைவியின் சாவு அவனுக்கு எப்படி நினைவிருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி நெடுநாள் இருந்தது. அவனிடம் இருப்பது நினைவு அல்ல, பாடம் என்று இப்போது கருதுகிறேன். குற்றவுணர்வுக்கு மறதியில் இடமுண்டா என்ற ஐயத்துக்கும் ஆய்வுலகில் ஒரு பதில் இருக்கிறது: 2010-ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவிழந்தோருக்குச் சோகமான காட்சித் துணுக்குகளைக் காட்டியபோது, பார்த்ததை அவர்கள் மறந்த பிறகும் சோகம் விலகாமல் இருந்ததைக் கண்டார்கள். எதற்கென்று தெரியாத துயரத்துக்கு ஒரு கதை வேண்டும். லெனர்ட் அந்தக் கதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டான். பழியை ஸேமியிடமும் பழிவாங்கலைத் தன்னிடமும் வைத்துக்கொண்டான்.

இதற்குப் படம் தரும் சாட்சியம் கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கிறது. மனநல மருத்துவமனையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஸேமியை ஒருவர் கடந்து செல்கிறார். அவர் விலகியதும், காட்சி வெட்டப்படுவதற்கு முன்னான ஒரு நொடியில் அந்த நாற்காலியில் லெனர்ட் இருக்கிறான். திரையரங்கில் இதைத் தவறவிட்டவர்கள் ஏராளம். டிவிடியில் நிறுத்திப் பார்க்கலாம். மனைவியின் தொடையைக் கிள்ளும் விரல்கள், இன்னொரு முறை அதே நினைவு வரும்போது ஊசி மருந்தைச் சுண்டும் விரல்களாக மாறுவதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடலாம். படத்தொகுப்பாளர் டோடி டோர்னின் வேலையில் எத்தனை குறும்பு ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. ஸ்டீபன் டோபோலோவ்ஸ்கியும் அவர் மனைவியாக வரும் ஹாரியட் சான்சம் ஹாரிஸும் இன்சுலின் ஊசிக் காட்சியில் ஒரு வார்த்தை வீணாக்காமல் நடித்திருக்கிறார்கள். மறுபடியும் ஊசி போடும் நேரமாகிவிட்டது என்று அந்த மனைவி கடிகார முள்ளைத் திருப்பி வைத்துச் சொல்வதைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் நோக்கம் என்ன? கணவன் நடிக்கிறானா என்று அறிவதா, அல்லது அவன் நடிக்கவில்லை என்றால் தான் வாழ வேண்டாம் என்ற முடிவா? இரண்டும் ஒன்றாகிவிட்ட ஒரு நிலை என்றே அந்த முகம் சொல்கிறது.

இவற்றுக்கெல்லாம் பிறகு வருகிறது லெனர்டின் முடிவு. டெடியின் பேச்சைக் கேட்டு முடித்தவன் வண்டியில் போய் உட்கார்கிறான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் சில நிமிடங்கள் அவை. ஜிம்மியின் பிணத்தின் படத்தையும், தான் நெஞ்சைச் சுட்டிச் சிரிக்கும் படத்தையும் எரிக்கிறான். டெடியின் படத்தின் பின்புறம் அந்தப் புகழ்பெற்ற வரியை எழுதுகிறான். டெடியின் வண்டி எண்ணைப் பச்சை குத்த வேண்டிய அடுத்த 'உண்மை'யாகக் குறித்துக்கொள்கிறான். மகிழ்ச்சிக்காக எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்வேனா என்று தன்னையே கேட்டு, உன் விஷயத்தில் சொல்லிக்கொள்வேன் டெடி என்று விடையும் கூறுகிறான். நினைவிழந்தவன் என்பதால் இவன்மீது குற்றம் சுமத்தலாகாது என்ற வாதத்தை நான் இந்த இடத்தில் ஏற்பதில்லை. கொலை நடக்கும்போது அவன் அறியாதவனாக இருக்கலாம். அந்தக் கொலைக்குத் திட்டமிட்டபோது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. படம் முழுவதும் மற்றவர்கள் செய்த வேலையை, பேனாவைத் தேர்ந்த இடத்தில் நீட்டும் அந்த வேலையை, இறுதியில் அவனே தனக்குச் செய்துகொள்கிறான். கை பியர்ஸ் அந்த நிமிடங்களில் முகத்தை ஏறத்தாழ அசைக்காமல் வைத்திருக்கிறார். முதல் முறை பார்க்கையில் அதைக் குழப்பம் என்று எண்ணியிருந்தேன், அது நிம்மதி.

இனி இந்தப் பதிப்புக்கே உரிய சிறப்பு. இரண்டாவது வட்டில், காலக்கிரமப்படி அடுக்கப்பட்ட முழுப் படமும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை அடைய, ஒரு பெண் காரின் சக்கரத்தை மாற்றும் படங்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பகுதி முழுதும் முதலில் ஓடி, ஜிம்மியின் கொலையில் வண்ணமேறி, டெடியின் சாவை நோக்கி நேராகச் செல்கிறது. கலையாக அது மூலத்தின் அருகில் நிற்காது. விடுதி அறைத் தொலைபேசிப் பேச்சு தொடர்ந்து வரும்போது அலுப்புத் தட்டுகிறது. டேவிட் ஜூலியனின் இசை தவறான இடங்களில் உயர்ந்து அடங்குகிறது. ஆயினும் நோக்கங்களைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது இதைப் பார்த்தாக வேண்டும். லெனர்ட் தன் பொய்யை எழுதுவதை நாம் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவதால், அதன் பிறகு அவனுக்காக ஒரு கணமும் இரங்க முடிவதில்லை. நட்டலியின் கொடுமையோ, துயரத்தில் இருப்பவள் தற்காப்புக்காகச் செய்வதாகத் தெரிகிறது. டெடி கோமாளியாகவும் பலியாகவும் ஒருங்கே தோன்றுகிறான். ஒரு சொல்கூட மாறாமல், வரிசை மட்டும் மாறி, மூவரின் குணமும் வேறாகிவிடுகிறது. நாம் முன்பு லெனர்டின் பக்கம் நின்றது அவன் நல்லவன் என்பதால் அல்ல, அவனைப் போலவே நமக்கும் முன்கதை தெரியாது என்பதால்தான்.

இயக்குநரின் குரல்பதிவு உரையிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. கடைசிக் காட்சி வந்ததும் உரை கிளை பிரிந்து, ஒரு முறை டெடி உண்மை சொல்கிறான் என்றும், இன்னொரு முறை அவனை நம்பலாகாது என்றும் வெவ்வேறு விளக்கங்களைத் தருகிறது. இரண்டு முறை கேட்டு, இரண்டு வேறு பதில்கள் பெற்று, முதலில் எரிச்சலடைந்தேன். பிறகு, மேலே நான் முன்வைத்த வாதத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றியது. பதிவாகி நிலைத்துவிடும் சொல்லை நம்பாதே என்று படமே கற்றுத் தந்த பிறகு, வட்டில் பதிவான இயக்குநர் சொல்லை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

பதிப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உளவியல் சோதனைத் தாள்களைப் போல அமைக்கப்பட்ட மெனுக்கள் முதல் நாள் ரசிக்க வைக்கின்றன. மூன்றாம் நாள், படத்தைப் பார்க்கத் தொடங்குவதற்கே சொல்லையும் பொருளையும் தேடிச் சொடுக்க வேண்டியிருக்கும்போது பொறுமை போய்விடுகிறது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்குப் படம் பார்க்க உட்காரும் மனிதனிடம் பலவிடைத் தேர்வு வைப்பது நியாயமல்ல. உறைக்குள் உள்ள லெனர்டின் குறிப்புகளில் வழிகள் தரப்பட்டிருந்தாலும், அவற்றைப் படிக்கப் பகல் வெளிச்சம் வேண்டும். அமெரிக்கப் பதிப்பு என்பதால் மண்டலக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட கருவி தேவை. படத்தின் தரம், இன்றைய ப்ளூ-ரே வட்டுகளுக்குப் பழகிய கண்ணுக்குச் சற்று மங்கலாகவே தெரியும். வாலி ஃபிஸ்டரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கு இதைவிடக் கூர்மையான பதிப்பு தகும்.

படத்தை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு இது தேவையில்லை. நல்ல ப்ளூ-ரே வட்டோ, இணையத்தில் கிடைக்கும் பிரதியோ போதும். சேர்ந்து பார்த்துவிட்டு விடியும்வரை வாதிடும் நண்பர்கள் உள்ளவர்களுக்கு, பழைய வட்டுக் கடைகளிலோ சேகரிப்பாளர்களிடமோ தேடி வாங்கத்தக்க பதிப்பு இது. ஜொனாதன் நோலனின் சிறுகதையும் இதிலேயே இருப்பதால், அதை இறுதியாகப் படிக்கப் பரிந்துரைப்பேன். அக்கதையின் நாயகன் ஏர்ல் இருப்பது மனநல மருத்துவமனையில். இந்த டிவிடிக்குக் கோப்பு வடிவில் உறை செய்தவர்கள், அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.